கொல்லியா, கொள்ளியா? செல்போனில் தமிழ் வந்த கதை



பள்ளியில் 12 வருடம் தமிழ் படித்தவர்கள், பரீட்சையில் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுதியவர்கள், செல்போனை எடுத்தவுடன் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். ஏன்? "ஆங்கில மோகம்" என்று பெரியவர்கள் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொஞ்சம் வரலாற்றைப் புரட்டினால், மோகத்தை விட சில எண்களும் சில கருவிகளும்தான் இதற்குக் காரணம் என்று தெரிகிறது. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் ஊர் பெயரையே எடுத்துக்கொள்வோம். கொல்லிமலை. இதை ஆங்கில எழுத்தில் அடித்தால் 'கொல்லி'யும் 'கொள்ளி'யும் ஒன்றுதான். வல்வில் ஓரி ஆண்ட மலையா, கொள்ளிக்கட்டையா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். ல, ள இரண்டுக்கும் சேர்த்து ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்து. ந, ன, ண கதையும் அப்படியே.

தட்டச்சிலிருந்து கணினிக்கு

தமிழைக் கருவிக்குள் கொண்டுவருவது ஆரம்பத்திலிருந்தே சிரமமான வேலைதான். தமிழில் 247 எழுத்துகள். தட்டச்சுப்பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகள்தான். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா 1930களில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டு தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை அமைத்தார். 1980களில் கனடாவில் கு. சீனிவாசன் 'ஆதமி' என்ற மென்பொருளையும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளையும் உருவாக்கினார்கள். கவனித்தீர்களா? தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த தமிழர்கள்தான் இதில் முந்திக்கொண்டார்கள்.

1999ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'தமிழ் 99' விசைப்பலகை. 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம், மொத்தம் 31 எழுத்துகள் தெரிந்தால் போதும், 247ஐயும் அடித்துவிடலாம். ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழும். 'அம்மா' என்று அடிக்கப் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. அற்புதமான ஏற்பாடு!

ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு எழுத்துரு. டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல முறைகள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க வேண்டுமென்றால் அதே எழுத்துரு அவரிடமும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ மந்திரம் மாதிரி தெரியும். 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிக்கு அது வந்து சேர்ந்தது. அதன் பின் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் வந்தன. 2010ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

160ம் 70ம்

கணினியில் இவ்வளவு போராட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மக்கள் கையில் செல்போன் வந்துவிட்டது. இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995ல். 2003ல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றானதும் சாமானியர்களும் போன் வாங்கத் தொடங்கினார்கள். டார்ச் லைட் வைத்த நோக்கியா 1100 வந்ததும் அதே ஆண்டுதான்.

அப்போது எழுத்து என்றாலே எஸ்.எம்.எஸ்.தான். இங்கேதான் அந்த எண்கள் வருகின்றன. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்து என்றால் 160 போகும். யூனிகோடு தமிழ் என்றால் 70தான். அந்த 70ம் முழுசாக 70 இல்லை. நமக்கு 'கொ' ஒரு எழுத்து. போனுக்கு அது க ஒன்று, ஒகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'ல்' என்பதும் ல ஒன்று, புள்ளி ஒன்று.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 'கொல்லிமலை' நமக்கு 5 எழுத்து. போனின் கணக்கில் 9. ஆங்கில எழுத்தில் அடித்தால் 10. இடைவெளி விடாமல் அடித்தால், ஒரே எஸ்.எம்.எஸ்.ஸில் ஆங்கில எழுத்தில் 16 கொல்லிமலை ஏறும், தமிழில் 7தான் ஏறும்! அதற்கு மேல் போனால் இரண்டாவது எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் காசு. பொங்கல், தீபாவளி, புத்தாண்டு என்றால் எஸ்.எம்.எஸ். பேக்கும் செல்லாது. இப்படிக் காசை எண்ணி எண்ணி அனுப்பியவர்களிடம் போய் மோகம் என்று சொல்லலாமா?

காசு கொடுத்துத் தமிழில் அனுப்பினாலும் அடுத்தவர் போனில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே நிலைமை. ஓப்பரா மினி பிரவுசரில் மறைவாக இருந்த ஓர் அமைப்பை மாற்றினால், எழுத்தைப் படமாக மாற்றிக் காட்டும். தமிழ் படிக்க ஆசைப்பட்டவர்கள் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த காலம் அது.

கீபோர்டும் வந்தது, குரலும் வந்தது

இதற்கும் வழி கண்டார்கள். முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005ல் சிங்கப்பூரில் வெளிவந்தது. போனிலேயே தமிழில் எழுதி அனுப்ப முடிந்தது. ஆனால் அதைத் தேடிப்போய் நிறுவ வேண்டும். தேடிப்போகிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான்.

2013ல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 7ல் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் போனுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆண்ட்ராய்டிலும் அடுத்தடுத்து வசதிகள் வந்தன. இனித் தமிழ் பெருகும் என்றுதானே நினைப்போம்? அதே 2013ல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. 2016ல் ஜியோ வந்து டேட்டாவும் மலிவானது. பட்டனை அழுத்திப் பேசினால் வேலை முடிந்தது. எழுத்து தெரியாத பாட்டியும் அனுப்பலாம். இளைஞர்கள் கையோ பல வருடப் பழக்கத்தில் ஆங்கில எழுத்துக்கே போயிற்று. தமிழ்க் கீபோர்டு வருவதற்கு முன்பே பழக்கம் முந்திக்கொண்டது. இதுதான் இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பம் என்பது என் கருத்து.

இதில் என்ன நஷ்டம்?

பேசினால் என்ன, எழுதினால் என்ன என்று கேட்கலாம். குரல் செய்தி நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதைத் தேடி எடுக்க முடியாது. போன் மாறினால் அதோடு போய்விடவும் கூடும்.

நம் மலையில் சாமை என்றால் ஒரே சாமை கிடையாது. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக இருக்கிறது. தினையிலும் பெருந்தினை, செந்தினை, மூக்கன் தினை. எந்த ரகத்தை எப்போது விதைப்பது, எந்த மண்ணுக்கு எது ஆகும் என்பதெல்லாம் பெரியவர்கள் வாயில்தான் இருக்கிறது. இப்போது குரல் செய்தியாகப் போய்க்கொண்டிருக்கிறது. மரவள்ளியும் காபியும் மிளகும் வந்தபின் சிறுதானியம் குறைந்துவிட்ட மலையில், அந்தப் பெயர்களாவது எழுத்தில் நிற்க வேண்டாமா? ஆங்கில எழுத்தில் 'மல்லியச் சாமை' என்று அடித்து வைத்தால், பத்து வருடம் கழித்துப் படிக்கிறவர் அதை மள்ளியா, மல்லியா என்று எப்படித் தெரிந்துகொள்வார்?

நல்ல செய்தியும் உண்டு. 2017ல் கூகுளின் குரல்வழித் தட்டச்சு தமிழுக்கும் வந்தது. பேசினால் அதுவே தமிழ் எழுத்தாக மாறும். வட்டார வழக்கில் தடுமாறும், திருத்த வேண்டியிருக்கும். ஆனாலும் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு பாலம் கிடைத்திருக்கிறது. பாட்டி பேசட்டும், பேரன் திருத்தட்டும்.

முடிவாக

கருவியில் எது முதலில் கைக்குக் கிடைக்கிறதோ, அதுவே பழக்கமாகிவிடுகிறது. இதுதான் இந்த வரலாறு சொல்லும் பாடம். 160, 70 கணக்கெல்லாம் இப்போது வாட்ஸ்அப்பில் இல்லை. கட்டம் தெரிந்த காலமும் போய்விட்டது. மிச்சம் இருப்பது பழக்கம் மட்டும்தான். போனின் அமைப்புகளுக்குப் போய்த் தமிழ்க் கீபோர்டைச் சேர்க்க இரண்டு நிமிடம் ஆகும். தமிழ் 99 கை பழகச் சில நாட்கள் ஆகும். முதல் வேலையாக, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நாலு சாமை ரகத்தின் பெயரைத் தமிழில் அடித்து வையுங்கள்.