வகுப்பறைக் காற்று: திண்ணையிலிருந்து மணலி வரை

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் காற்றோட்டம் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தெருப்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதியபடி வெளிக்காற்றிலேயே உட்கார்ந்திருப்பார்கள். கூட்டமும் குறைவு. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் எடுக்கச் சொன்ன கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அதாவது பள்ளிக்குச் சராசரியாக 15 பிள்ளைகள்.

ஒரே அறைக்குள் நாற்பது ஐம்பது பேரை உட்காரவைத்தது பின்னால் வந்த கல்விமுறை. அறைக்குள் காற்று கெட்டுப்போவதை அளக்க முடியும் என்று ஐரோப்பாவில் காட்டியவர் மியூனிக் நகரின் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர். காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த அறை மனிதர் இருக்கத் தகாதது என்று 1858 இல் அவர் வரையறுத்தார். அந்த அளவை ஒரு வகுப்பறை எத்தனை சீக்கிரம் தாண்டிவிடும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயர அறை. உள்ளே 40 பிள்ளைகள். கதவு, ஜன்னல் எல்லாம் அடைப்பு. ஒரு பிள்ளை மணிக்குச் சுமார் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடும். ஏழு நிமிடத்துக்குள் பெட்டன்கோஃபரின் எல்லை கடந்துவிடும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றினாலும் அதே காற்றுதான் சுழலும்.

சென்னையில் ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கம் எழுந்த பழைய கட்டடங்களில் இதற்கு வழி இருந்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை உயரத்தில் நிற்கும். ஆளுயர ஜன்னலுக்குச் சாய்ந்த பலகைகள் அடித்த மரக்கதவு. வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். கூரையை ஒட்டி வென்டிலேட்டர். கயிற்றை இழுத்தால் சாய்ந்து திறக்கும். சூடேறிய காற்று அந்த வழியாக வெளியேற, கீழே கடற்காற்று உள்ளே வரும். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றது: வெளியே இருக்கும் காற்று நல்ல காற்று.

வடசென்னையின் மணலியில் அந்த நம்பிக்கை 1960களின் கடைசியில் உடைந்தது. இந்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து 1965 இல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் (இன்றைய சி.பி.சி.எல்.) 1969 இல் ஓடத் தொடங்கியது. 1971 இல் பக்கத்திலேயே மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ் உரம் தயாரிக்க ஆரம்பித்தது. 1970 முதல் எண்ணூரில் அனல்மின் நிலையம் நிலக்கரியை எரித்தது. எண்பதுகளில் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் வரிசையாக வந்தன. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981 இல்தான் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 இல்தான் அமைந்தது. அதற்குள் ஆலைகளைச் சுற்றி ஊர் வளர்ந்து, பள்ளிகளும் வந்துவிட்டன.

இந்தப் பகுதியில் நாற்றம் பள்ளி நேரத்தை ஒட்டியே திசை மாறும். காலையில் நிலக்காற்று ஆலைப்புகையைக் கிழக்கே திருவொற்றியூர் பக்கம் தள்ளும். மதியம் கடற்காற்று எழும்பியதும் அதே புகை மணலி, மாத்தூர் பக்கம் திரும்பும். பழைய கட்டடக் கலை வரவேற்ற அந்தக் கடற்காற்றுக்குத்தான் இங்கே ஜன்னலைச் சாத்த வேண்டியிருக்கிறது. சாத்தினால் கந்தக வாடை குறையும். பிள்ளைகள் விட்ட மூச்சு உள்ளேயே தேங்கும். ராயபுரத்துக்கு வேறு தொல்லை: துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2011 இல்தான் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தச் சரக்கின் ஒரு பகுதி எண்ணூர் துறைமுகத்துக்குப் போனது. ஒரு கடலோரத்தின் தூசு அடுத்த கடலோரத்துக்கு மாறியது என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக் கட்டட விதிகளை உலுக்கியது தீ. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பின் தமிழகமெங்கும் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது செய்தே ஆகவேண்டிய வேலை. ஆனால் கீற்றின் இடத்துக்கு வந்த தகரமும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் தாழ்வான கான்கிரீட்டும் வெயிலை வாங்கி அறைக்குள் இறக்குபவை. மாடிப்படி, வெளியேறும் வழி, தீயணைப்புக் கருவி எல்லாம் ஆய்வுப் பட்டியலில் ஏறின. காற்றுக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்ட அட்டவணை எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற கட்டடம், கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றைக் கேட்கிறது. காற்றோட்டம் என்ற சொல் அதில் இல்லை.

அதே 2009 இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழில் பகுதிகளை மதிப்பிட்டது. 70க்கு மேல் புள்ளி வாங்கினால் கடுமையாக மாசுபட்ட பகுதி. மணலி வாங்கியது 76.32. கொரோனாவுக்குப் பின் 2021 செப்டம்பரில் பள்ளிகள் திறந்தபோது, ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்பது எங்கும் சொல்லப்பட்ட அறிவுரை. ஆலைப் பகுதிப் பள்ளிக்கென்று தனி யோசனை எதுவும் அதோடு வரவில்லை.

2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூரில் ஒரு தனியார் பள்ளியில் காரமான நெடி பரவி, முப்பதுக்கும் மேற்பட்ட மாணவிகளுக்கு மூச்சுத் திணறலும் மயக்கமும் ஏற்பட்டன. நவம்பர் 4 இல் பள்ளி மறுபடி திறந்த அன்றே மீண்டும் சிலர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் காற்றை அளக்கும் நடமாடும் வண்டியைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. மணலியில் வாரியங்களின் நிலையான அளவுக் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை அளப்பது வெளிக்காற்றை. நுண்துகள் 2.5க்கு நாளொன்றுக்கு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று 2009 இல் வகுத்த தேசிய வரம்பும் வெளிக்காற்றுக்கு உரியதே.