கோடியில் ஓர் ஒளித்துகள்

மாசு என்று ஒதுக்கப்பட்ட ஒன்று பின்னாளில் அரிய செய்தியாக விளங்கிய வரலாறுகள் அறிவியலில் உண்டு. அத்தகைய ஒன்றை இங்கு நினைவுகூர விழைகிறோம்.

1921-ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் தாயகம் திரும்பிக்கொண்டிருந்தார், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன். மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஆட்கொண்டது. அது வானத்தின் பிரதிபலிப்பே என்று அறிஞர் இராலே கூறியிருந்தார். ராமனோ பட்டகமொன்றைக் கொண்டு அப்பிரதிபலிப்பை விலக்கிப் பார்த்தார், நீலம் குன்றவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார்.

கல்கத்தாவில் அவர்தம் ஆய்வுக்கூடத்தில் 1923-இல் கே. ஆர். இராமநாதன் நீரில் சிதறும் ஒளியை ஆராய்ந்தபோது, நிறம் மாறிய மங்கலான கீற்றொன்று தென்பட்டது. நீரிலுள்ள மாசு ஒளிர்வதால் எழுவது அது என்றே முதலில் கருதினர். திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மை செய்தும் கீற்று மறையவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின், கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு ஆராய்ந்த ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கொளியில் உண்மையைக் கண்டார். மூலக்கூறின் அதிர்வோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு திரும்பும் ஒளி அது. ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய வரிகளை அதில் பதிக்கிறது. 1930-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அவ்வொளி நோயாளியின் பக்கம் வந்து சேர ஏன் இத்தனை காலம் பிடித்தது? சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்றே இவ்வாறு நிறம் மாறுகிறது. 1960-இல் லேசர் பிறந்த பின்னரே வலிமையான ஒரே நிற ஒளி கைக்கு எட்டியது. உயிருள்ள திசுவிலோ வேறொரு தடை நின்றது. 1923-இல் தவறாகப் பழி சுமத்தப்பட்ட அதே ஒளிர்வு, இங்கு மெய்யாகவே குறுக்கிட்டு மெல்லிய வரிகளை மூழ்கடித்தது. சிவப்பையும் அதனை அடுத்த அகச்சிவப்பையும் சார்ந்த லேசர்களைக் கையாண்டபோது அத்தடை தளர்ந்தது. 1990-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிவப்பு லேசரால் உயிருள்ள தனி உயிரணுவின் நிறமாலையைப் பதிவு செய்தனர். நீர் இம்முறைக்குப் பெரிதும் இடையூறு செய்வதில்லை. நீர் நிறைந்த நம் உடலுக்கு இது பெரும் வாய்ப்பாகும்.

மார்பகத் திசுவில் படியும் நுண்ணிய சுண்ணத் துகள்களை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இம்முறையில் ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். கால்சியம் ஆக்ஸலேட் துகள்கள் பெரும்பாலும் தீங்கற்ற கட்டிகளைச் சார்ந்தவை. கால்சியம் பாஸ்பேட் வகையோ தீங்கற்றவற்றிலும் புற்றிலும் காணப்படும்; அங்கும் வேதியமைப்பின் சிறு வேறுபாடுகளை ஒளி காட்டிக்கொடுத்தது. சோதனைக்கெனத் திசுவை வெட்டி எடுத்து, முடிவு வரும்வரை உறக்கமின்றிக் காத்திருக்கும் ஒரு தாய்க்கு இது எத்துணை ஆறுதலான வாக்குறுதி!

ஆயினும் வாக்குறுதியை நிறைவேற்றம் என்று நாம் மயங்கலாகாது. ஆய்வகத்தில் சில பத்துத் திசுக்களில் தெளிந்த வேறுபாடு, ஆயிரக்கணக்கான மனிதரிடம் மங்கிப்போகலாம். கருவி தவறினால் நலமுள்ளவர் அஞ்சுவார். நோயுற்றவர் நிம்மதியோடு வீடு திரும்பிவிடுவார். ஆகவேதான் இன்றும் நோய்க்கூறு வல்லுநரின் நுண்ணோக்கித் தீர்ப்போடு ஒப்பிட்டே இம்முறையின் தகுதி அளக்கப்படுகிறது.

கல்கத்தாவில் நீரை மீண்டும் மீண்டும் வடித்தவர்கள் விரும்பிய விடையைத் தேடவில்லை. ஐயம் தீரும்வரை பொறுத்திருந்தார்கள். கோடியில் ஒரு துகளின் சொல்லைக் கேட்டுப் பிறர் உயிரைப் பற்றித் தீர்ப்புரைக்க முற்படும் நாம், அவர்களுடைய கருவியைப் பெற்றது போதாது. அப்பொறுமையையும் பெற்றாக வேண்டும்.