பனிக்குள் இறங்கிய இரும்புக் குழாய்

பனிச்சரிவு எங்கே விழும், எந்த ஓடை வழியாக இறங்கும் என்பதெல்லாம் ஆல்ப்ஸ் கிராமத்துப் பெரியவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக அத்துபடி. யோஹான் கோவாஸ் என்ற வன அதிகாரி சுவிஸ் பனிச்சரிவுகளைப் பற்றி 1881-லேயே ஒரு புத்தகம் எழுதிவிட்டார். என்றைக்கு விழும் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

ரயில், சாலை, பனிச்சறுக்கு என்று மலையில் ஆள் நடமாட்டம் பெருகியதும் இந்தக் கேள்விக்கு அவசரம் வந்தது. 1931-ல் சுவிட்சர்லாந்து பனி ஆராய்ச்சிக்கென ஓர் ஆணையம் அமைத்தது. டாவோஸ் நகருக்கு மேலே, 2,500 மீட்டருக்கும் அதிக உயரத்தில் வைஸ்ஃப்ளூயோக் என்ற இடத்துக்கு அப்போதுதான் மலை ரயில் போட்டிருந்தார்கள். 1936-ல் அங்கே ஒரு மரக்குடிசையில் வேலை தொடங்கியது.

அங்கே சேர்ந்த ஆட்களைப் பாருங்கள். ராபர்ட் ஹேஃபெலி, மண்ணின் தாங்குதிறனைச் சோதிக்கும் பொறியாளர். ஹென்றி பாடர், படிகங்களை ஆராய்கிறவர். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சரிந்து வரும் பனியின் பின்னால் ஓடாமல், சரியாமல் கிடக்கும் பனியை அவர்கள் தோண்டிப் பார்த்தார்கள்.

ஹேஃபெலி உருவாக்கிய கருவி மிக எளிமையானது. கூம்பு முனை வைத்த ஓர் இரும்புக் குழாய். அதைப் பனியில் நிறுத்தி, மேலிருந்து ஓர் எடைக்கட்டியைக் குழாயின் மீதே நழுவ விடவேண்டும். ஒவ்வொரு அடிக்கும் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளவேண்டும். கெட்டியான அடுக்கில் பல அடி அடித்தாலும் குழாய் நகராது; சில இடங்களில் ஒரே அடியில் சரேலென்று உள்ளே போய்விடும். பயப்படவேண்டிய இடம் அதுதான்.

அப்படி ஒரு பலவீனமான அடுக்கு எப்படி உண்டாகிறது? தரையை ஒட்டிய பனி பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். மேற்பரப்போ கடுங்குளிரில் உறைந்து கிடக்கும். குறைவாகவே பனி பெய்த தொடக்கக் குளிர்காலத்தில் இந்த வித்தியாசம் மிகவும் கூர்மையானது. கீழிருந்து நீராவி மேலேறி, வழியில் பெரிய பெரிய படிகங்களாக உறைகிறது. அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. கையில் அள்ளினால் சீனி மாதிரி விரலிடுக்கில் உதிரும். அதன்மேல் காற்று கொண்டுவந்து கெட்டிப்படுத்திய பனிப்பலகை படிந்துவிட்டால், 30 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் சறுக்கி வரும் ஒரே ஓர் ஆளின் பாரம் போதும், பலகை முழுவதும் உடைந்து கிளம்பிவிடும். பனிச்சறுக்கு வீரர்களைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை அவர்களோ உடன் வந்தவர்களோ கிளப்பிவிட்டவைதான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலைகளில் நின்ற சுவிஸ் ராணுவத்துக்கு இந்த அறிவு தேவைப்பட்டது. 1942-ல் குடிசை ஆராய்ச்சி நிலையமானது. 1945-ல் ராணுவத்தின் எச்சரிக்கைப் பணியை அந்த நிலையம் ஏற்று, பொதுமக்களுக்கான பனிச்சரிவு அறிக்கையை வெளியிடத் தொடங்கியது.

பிறந்த சில வருடங்களிலேயே அதற்குப் பெரிய சோதனை. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பலர் தங்கள் வீடுகளிலேயே புதைந்தார்கள். வீடு எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்ற ஆபத்து வரைபடங்களும், மலைமேல் பனியைப் பிடித்து நிறுத்தும் இரும்புத் தடுப்புகளும் அந்தச் சாவுகளுக்குப் பிறகே பரவலாயின. 1999 பிப்ரவரியில் பனி மறுபடியும் கொட்டித் தீர்த்தது. மலையில் மக்கள் பன்மடங்கு கூடியிருந்தும் இறந்தவர்கள் 17 பேர். அதில் 12 பேர் எவோலென் என்ற ஒரே இடத்தில்.

இன்றைக்கு அறிக்கை குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் வருகிறது. பனியை அளக்கும் தானியங்கி நிலையங்கள் இருந்தும், சுமார் 200 பார்வையாளர்கள் அதற்காக மலையிலிருந்து தகவல் அனுப்புகிறார்கள்.