வேலி இல்லாத ஊர்: லாக்ஸ்டன்

இங்கிலாந்துக் கிராமம் என்றதும் மனதில் தோன்றும் படம் என்ன? ஒரு பழைய கல் தேவாலயம், வளைந்து போகும் சிறு சாலை, அதன் இருபுறமும் புதர்வேலிகளால் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட பச்சை வயல்கள். காலம் காலமாக அந்த நாடு இப்படித்தான் இருந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மை அதுவல்ல! மத்திய இங்கிலாந்தின் பல பகுதிகளில் அந்த வேலிகளுக்கு வயது இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகள்தான். அதற்கு முன்பு அந்த நிலம் எப்படி இருந்தது என்பதை இன்றும் கண்ணால் பார்க்க வேண்டுமானால் போக வேண்டிய ஊர் லாக்ஸ்டன்.

நாட்டிங்காம்ஷயர் மாவட்டத்தில் உள்ள சிறிய கிராமம் இது. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலக் கணக்கிலேயே இதன் பெயர் உண்டு. ஊருக்கு வடக்கே நார்மன் காலக் கோட்டையின் மண்மேடு நிற்கிறது. கோட்டைச் சுவர்கள் போய்விட்டன, புல் மூடிய மேடு மட்டும் மிச்சம். தெருவில் நடந்தால் இன்னொரு புதுமை தெரியும். மற்ற ஊர்களில் பண்ணை வீடுகள் தனித்தனியாக வயல்களின் நடுவே இருக்கும். இங்கோ அவை தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன. காரணம் எளிது. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருந்தால் அவர் அங்கேயே வீடு கட்டிக் கொள்வார். லாக்ஸ்டனில் ஒருவருடைய நிலம் ஊரைச் சுற்றிப் பல இடங்களில் சிதறிக் கிடக்கும். எனவே ஊருக்குள் இருப்பதே வசதி.

மூன்று வயல்கள்

ஊரைச் சுற்றி மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல் என்று மூன்று பெரிய வயல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நம் கண்ணுக்கு ஒரே வெட்டவெளி. உள்ளே வேலி கிடையாது. ஆனால் அது நீண்ட கீற்றுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு விவசாயிக்கு மூன்று வயல்களிலும் கீற்றுகள் இருக்கும். நல்ல மண்ணும் மோசமான மண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் கலந்து கிடைக்க இதுவே வழி.

பயிர் முறையும் பொதுவானது. ஓர் ஆண்டு ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த ஆண்டு இது சுற்றில் மாறும். அறுவடை முடிந்ததும் அரிதாளில் ஊர்க் கால்நடைகள் மேயும். அப்போது "என் கீற்று, உன் கீற்று" என்ற பேச்சே இல்லை. உழவுக்கு ஒத்துவராத ஈரமான பள்ளங்கள் புல்தரையாக விடப்பட்டன. இவற்றைச் "சைக்" என்கிறார்கள். கலப்பை படாததால் அரிய காட்டுப் பூக்கள் இன்றும் அங்கே பூக்கின்றன.

நாம் தினமும் சொல்லும் இரண்டு சொற்கள் இந்த வயல்களில் இருந்து வந்தவை என்பது பலருக்குத் தெரியாது. ஃபர்லாங் என்றால் "உழவுச்சாலின் நீளம்" என்று பொருள். அதாவது 220 கெஜம். உழவு மாடுகளைத் திருப்புவது சிரமம் என்பதால் சால் நீளமாக இருந்தது. அந்த நீளத்துக்கு 22 கெஜம் அகலம் இருந்தால் அது ஓர் ஏக்கர். ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய அளவாக அதைக் கருதினார்கள்.

1635ஆம் ஆண்டு லாக்ஸ்டனின் அன்றைய உரிமையாளரான சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வணிகருக்காக மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரை அளந்து வரைபடம் தயாரித்தார். ஒவ்வொரு கீற்றும் அதில் உண்டு. உழுகிறவர்கள், அறுக்கிறவர்கள் படங்கள்கூட உண்டு! அந்த வரைபடம் இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

வயலுக்கு ஒரு நீதிமன்றம்

வேலி இல்லாவிட்டால் சண்டை வராதா? பக்கத்துக் கீற்றில் ஒரு சால் கூடுதலாக உழுதுவிட்டால் என்ன செய்வது? இதற்குத்தான் "கோர்ட் லீட்" என்ற ஊர் நீதிமன்றம். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இறுதியில், விவசாயிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர் குழு, கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வந்து பார்வையிடும். எல்லை மறைந்த இடத்தில் மரமுளை அடிக்கப்படும். பொதுப் பாதையிலோ சைக்கிலோ கலப்பை புகுந்திருந்தால் குறித்துக் கொள்வார்கள். சில நாட்கள் கழித்து ஊர் மதுவிடுதியில் நீதிமன்றம் கூடும். தவறு செய்தவருக்கு அபராதம். முறையான காரணம் இன்றி வராதவருக்கும் சிறு அபராதம்!

தொகை பெரிதல்ல. ஆனால் ஊரார் அத்தனை பேர் முன்னால் தன் பெயர் வாசிக்கப்படுவதை யார் விரும்புவார்? அபராதத்தைவிட அந்த வெட்கமே பெரிய காவல். இங்கிலாந்தில் இத்தகைய பழைய நீதிமன்றங்கள் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலும் வெறும் சடங்காகிவிட்டன. லாக்ஸ்டனில் மட்டும் அது இன்றும் வயலை நிர்வகிக்கிறது.

மற்ற ஊர்களுக்கு என்ன ஆனது?

ஒரு காலத்தில் மத்திய இங்கிலாந்தில் இப்படிப்பட்ட ஊர்கள் ஏராளம். அவற்றை அழித்தது "வேலியடைப்பு". சிதறிய கீற்றுகளை ஒன்று சேர்த்து, மேய்ச்சல் உரிமைகளை ரத்து செய்து, ஒவ்வொருவர் பங்கையும் வேலி போட்டுத் தனிச் சொத்தாக்குவதே அது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. அவற்றால் சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் அடைக்கப்பட்டது. இது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம்.

மக்கள் எதிர்க்காமல் இல்லை. 1549இல் நார்ஃபோக்கில் ராபர்ட் கெட் தலைமையில் பெரும் கிளர்ச்சி நடந்தது. கெட்டே ஒரு நில உடைமையாளர். கலகக்காரர்கள் தன் வேலியைப் பிடுங்க வந்தபோது அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தானும் சேர்ந்து பிடுங்கினார்! முடிவில் தூக்கில் தொங்கினார். 1607இல் நார்த்தாம்ப்டன்ஷயரின் நியூட்டன் என்ற ஊரில் வேலியை எதிர்த்த ஏழைகள் 40 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

பிற்காலத்தில் வாளுக்குப் பதில் காகிதம் வந்தது. பத்திரம் வைத்திருந்தவருக்குப் பங்கு கிடைத்தது. ஒரே ஒரு பசுவைப் பொதுவில் மேய்த்து, அங்கேயே விறகு பொறுக்கி வாழ்ந்தவரிடம் பத்திரம் ஏது? வழக்கம்தான் இருந்தது. சிறு பங்கு கிடைத்தவரும் அளவைச் செலவு, வேலிச் செலவு தாங்காமல் பலர் விற்றுவிட்டார்கள். கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கவிஞர் ஜான் கிளேர் வாழ்ந்த ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கு 1809இல் வேலியடைப்புச் சட்டம் வந்தது. சிறுவயதில் திரிந்த வெளிகள் மூடப்பட்ட துயரம் அவர் கவிதைகளில் முக்கியமான பொருள் ஆயிற்று. வேலியடைப்பைப் பல ஆண்டுகள் ஆதரித்து எழுதிய ஆர்தர் யங் என்ற வேளாண் எழுத்தாளரே 1801இல் ஏழைகளுக்கு நேர்ந்த இழப்பைச் சுட்டி, அவர்களுக்கு நிலம் தர வேண்டும் என்று எழுதினார்.

லாக்ஸ்டன் தப்பியது எப்படி?

ஊர் மக்கள் போராடி வென்றார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வரலாறு அப்படி இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த ஊரின் பெரும்பகுதி மான்வர்ஸ் பிரபுவிடமும், இன்னொரு பகுதி ஸ்கார்பரோ பிரபுவிடமும் இருந்தது. வேலியடைப்பு பற்றி இருவருக்கும் உடன்பாடு ஏற்படவில்லை. இரண்டு பெரியவர்களின் தகராறில் ஒரு பழைய முறை பிழைத்துக் கொண்டது!

பிறகு காப்பாற்றியது அரசாங்கம். 1952இல் மான்வர்ஸ் குடும்பம் நிலத்தை வேளாண் அமைச்சகத்துக்கு விற்றது. 1981இல் அது கிரவுன் எஸ்டேட் வசம் போனது. 2020இல் அது மீண்டும் மான்வர்ஸ் வழிவந்த தோர்ஸ்பி எஸ்டேட்டுக்கே விற்கப்பட்டது. ஆக, இன்று அங்கே உழுகிறவர்களில் பெரும்பாலோர் குத்தகைக்காரர்களே. மாடுகளுக்குப் பதில் டிராக்டர், குறுகிய கீற்றுகளுக்குப் பதில் அகலமான கீற்றுகள். இது சொர்க்கமும் அல்ல, சமத்துவ ஊரும் அல்ல. ஊர் சம்மதம் இல்லாமல் ஒருவர் புதுப் பயிர் முயல முடியாது என்பது இந்த முறையின் பழைய குறை.

அப்படியானால் லாக்ஸ்டன் ஏன் முக்கியம்? 1968இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் இன்னொரு மாட்டைச் சேர்த்துக்கொண்டே போவார்கள், கடைசியில் நிலமே பாழாகும் என்பது அவர் வாதம். "பொதுவாக இருந்தால் பாழ்" என்பதற்கு இன்றும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் ஹார்டின் காட்டிய நிலம் கற்பனை நிலம். அங்கே ஊரும் இல்லை, விதியும் இல்லை, நவம்பர் மாதப் பார்வையிடலும் இல்லை. பொதுச் சொத்தை மக்கள் தாமே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதைப் பல நாடுகளின் உதாரணங்களோடு நிறுவிய எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்.

பொது நிலம் என்பது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் அல்ல. அது எல்லோரும் பொறுப்பேற்ற நிலம். இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் ஆயிரக்கணக்கான ஊர்களில் வேலி எழுந்தது. லாக்ஸ்டனில் ஒவ்வொரு நவம்பரிலும் ஈர மண்ணில் அடிக்கப்படும் அந்த மரமுளை அதையே நினைவூட்டுகிறது.