நாயின் இடுப்பு மூட்டு: நோயறிதலின் வரலாறு

இளம் நாய் ஒரு வாரம் நொண்டுவதும் அடுத்த வாரம் இயல்பாக ஓடுவதும் பல காரணங்களால் நிகழக்கூடும் என்றாலும், அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்ட ஒன்று இடுப்பு மூட்டுத் தளர்ச்சி, அதாவது தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் செறிவாகப் பொருந்தாத நிலை ஆகும். 1935இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஜெர்ரி ஷ்னெல் இதை விவரித்தபோது பிறவிக் குறை என்றே கருதினார். குட்டி இயல்பான மூட்டுடன் பிறந்து, வளரும் மாதங்களில்தான் தளர்ச்சி தோன்றுகிறது என்பதும், மரபுக்கூறுகளோடு உடல் எடையும் அதில் பங்கு கொள்கிறது என்பதும் பின்னரே தெளிவாயின.

லாப்ரடார் நாய்களை வளர்த்த தொழிலதிபர் ஜான் ஓலின் முன்னின்று 1966இல் நிறுவிய விலங்கு எலும்பியல் அறக்கட்டளை, நாயை மல்லாத்திப் படுக்கவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் இணையாக நீட்டி, முழங்கால்களை உட்புறம் திருப்பி எடுக்கும் எக்ஸ்ரே படத்தை ஏழு தரங்களாக வகைப்படுத்தும் முறையை நிலைநாட்டியது. அதன் இறுதிச் சான்று 24 மாதம் நிறைந்த நாய்க்கே கிடைத்ததால், குட்டிப்பருவத்து நொண்டலுக்கு அது காலங்கடந்த விடையாகவே அமைந்தது. 1983இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெயில் ஸ்மித் தொடங்கிய ஆய்வு, தளர்ச்சியையே எண்ணால் அளந்து, 16 வாரக் குட்டியிலேயே ஆபத்தைக் கணிக்க வழிசெய்தது. நொண்டல் மறைந்ததும் பரிசோதனையைக் கைவிடும் வழக்கம் இன்றும் தொடர்வது வருந்தத்தக்கது. மீண்டும் மீண்டும் நொண்டும் குட்டிக்குப் படம் எடுத்துப் பார்ப்பதே முறை.