ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: பெயர் வந்த கதை

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே, செம்மண் பாலைக்குள் அமைந்த ஊர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ். பெயரில் ஊற்று இருக்கிறது. ஆனால் அங்கே ஊற்று கிடையாது!

19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குக் கடிதம் போய்ச் சேரக் கப்பலில் மாதக்கணக்கில் ஆகும். இதற்குத் தீர்வாகத் தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின் வரை சுமார் 3,000 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி இழுக்கத் திட்டமிட்டார்கள். அதன் தலைவர் சார்லஸ் டாட். நெடுந்தூரம் செல்லும் தந்திக் குறிகள் வலுவிழந்து விடும். எனவே வழியில் ஆங்காங்கே நிலையங்கள் அமைத்து, செய்திகளை மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது. நிலையத்துக்குத் தண்ணீர் அவசியம்.

1871இல் நில அளவையாளர் வில்லியம் மில்ஸ் ஒரு வறண்ட ஆற்றில் நீர்நிலையைக் கண்டார். ஊற்று என்று எண்ணி, டாடின் மனைவி ஆலிஸின் பெயரைச் சூட்டினார். ஆற்றுக்கு டாட் என்று பெயர் வைத்தார். உண்மையில் அது ஆற்று மணலுக்கு அடியிலுள்ள பாறையால் தேங்கி நின்ற நீர்தான். 1872இல் தந்தித் தடம் முழுமையடைந்தது.

1888இல் நிலையத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூர் உருவானது. கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்த பயணி ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் நினைவாக அதற்கு 'ஸ்டூவர்ட்' என்று பெயரிட்டனர். சரக்குகள் ஒட்டகங்களில் வந்தன. ஓட்டியவர்களை 'ஆப்கானியர்' என்றே அழைத்தனர். ஆனால் அவர்களில் பலர் அன்றைய இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 1929இல் ரயில் வந்தது.

1932இல் தந்தி அலுவலகம் ஊருக்குள் மாறியது. ஊர் ஸ்டூவர்ட், தந்தி அலுவலகம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என இரு பெயர்கள் குழப்பம் தந்தன. 1933இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்பதே ஊரின் பெயரானது.

காலியான பழைய நிலையக் கட்டடங்களில் 1932 முதல் 1942 வரை, கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த பழங்குடிக் குழந்தைகளை அரசு தங்க வைத்தது. பலர் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவர்கள். செய்திகளால் மனிதர்களை இணைக்கக் கட்டிய இடம், குடும்பங்களைப் பிரிக்கப் பயன்பட்டது.

மில்ஸ் வருமுன்பே அந்த இடத்துக்குப் பெயர் இருந்தது. அங்கு பல்லாயிரம் ஆண்டுகளாக வாழும் அரெர்ன்டே மக்கள் அதை 'ம்பார்ன்ட்வே' என்கிறார்கள். சுற்றியுள்ள குன்றுகளைக் கம்பளிப்புழு மூதாதையர் படைத்ததாக அவர்கள் நம்புகின்றனர். 2000ஆம் ஆண்டில் நீதிமன்றம் அந்நிலத்தில் அவர்களின் பூர்விக உரிமையை அங்கீகரித்தது.

ஆலிஸ் டாட் அந்த ஊரை ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்த்து வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் வரைபடத்தில் ஏற நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது.