புத்தளக் கரையோரத்தின் தரைத்தோற்றமும் வரலாறும்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர் பெயர்களைக் கொண்டு மட்டும் அறிந்துவிட இயலாது. மலையும் ஆறும் கரையும் மண்ணும் வரலாற்றின் மூலங்களே. ஆபிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதி மேட்டுநிலமாகும். அதன் பேராறுகள் பல கடலை அடையுமுன் வீழ்ச்சிகளாக இறங்குவதால் உள்நாட்டுக்குக் கப்பல் வழியாகப் பயன்படவில்லை. ஐரோப்பியர் நெடுங்காலம் அக்கண்டத்தின் கரையோரக் கோட்டைகளோடு நின்றமைக்கு, நோயும் உள்நாட்டு அரசுகளின் வலிமையும் போன்று, இத்தரைத்தோற்றமும் ஒரு காரணமாகும். கண்டமொன்றில் காணப்படும் இத்தொடர்பு சிறியதொரு கரையோரத்திலும் புலப்படும் என்பதற்கு இலங்கையின் புத்தள மாவட்டம் தக்க சான்றாகும்.

தெற்கே மா ஓயாவுக்கும் வடக்கே மோதரகம் ஆற்றுக்கும் இடைப்பட்டது இக்கரையோரம். இலங்கையின் பெரும்பகுதி தொன்மையான பளிங்குப் பாறைகளால் ஆனது. ஆயின் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை செல்லும் வடமேற்குப் பகுதியில் மயோசீன் காலச் சுண்ணக்கல் பரவியுள்ளது. கடலலைகளும் நீரோட்டங்களும் கரையோரமாக மணலைக் குவித்து நீண்ட மணற்றிட்டுகளை உருவாக்கின. அவற்றின் பின்னால் சிலாபம், முந்தல், புத்தளம் ஆகிய கடனீரேரிகள் தோன்றின. இவற்றுள் பெரியது புத்தளக் கடனீரேரியாகும். மேற்கே கற்பிட்டிக் குடாநாடு அதற்கு மதிலாக நிற்கின்றது. வடக்கே கடலோடு கூடும் முகப்பு அதற்கு வாயிலாக அமைகின்றது. கலா ஓயாவும் மீ ஓயாவும் உள்நாட்டு நீரை அதனுட் கொண்டுவந்து சேர்க்கின்றன.

மதில், வாயில், உள்நாட்டுக்குச் செல்லும் ஆற்றுவழி ஆகிய இம்மூன்றுமே இக்கரையோரத்தின் வரலாற்றை வகுத்தன எனலாம்.

மிகப் பழைய சான்று பொம்பரிப்பிலே கிடைக்கின்றது. கலா ஓயாவுக்கு வடக்கேயுள்ள இவ்விடத்திற் கண்டறியப்பட்ட தாழியடக்கங்கள், தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழியடக்கங்களோடு ஒப்பிடப்படுகின்றன. மன்னார் வளைகுடா இரு கரைகளையும் பிரித்த அகழியன்று. அவற்றை இணைத்த நீர்வழியென்பதை இவ்வொப்புமை உணர்த்துகின்றது.

1344 ஆம் ஆண்டில் மொறோக்கோப் பயணி இபன் பதூதா இக்கரையில் இறங்கினார். அவர் ‘பத்தாலா’ எனக் குறித்த நகர் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும். அங்கே அவரை வரவேற்றவன் ஆரியச்சக்கரவர்த்தி. வெள்ளத்தால் அடித்துவரப்பட்ட கறுவா மரங்கள் கரையிற் குவிந்து கிடந்ததாகவும், சோழமண்டலம், மலபார் ஆகிய கரைகளின் மக்கள் அவற்றை எடுத்துச் சென்றதாகவும் அவர் எழுதினார். மலையடிவாரத்தின் விளைபொருளை ஆறு கரைக்குக் கொணர, கரை அதனைக் கடலுக்கு அளித்தது. அப்பயணி சிவனொளிபாத மலைக்குப் புறப்பட்டதும் இங்கிருந்தே. உள்நாட்டுக்கு இக்கரை வாயிலாக விளங்கியமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வாயிலின் மதிப்பை நன்குணர்ந்தோர் ஒல்லாந்தராவர். கண்டி அரசின் கடல் வாணிபத்திற்குப் புத்தளம் துறைமுகமாக இருந்தது. ஒல்லாந்தர் புத்தளத்தில் அன்றிக் கடனீரேரியின் முகப்பிலுள்ள கற்பிட்டியிலேயே 1667 இல் கோட்டையைக் கட்டத் தொடங்கி 1676 இல் நிறைவுசெய்தனர். வாயிலைக் காத்தவன் வீட்டையும் ஆளலாம் என்பதே அவர்தம் கணக்காகும். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையினாற் கண்டி அரசு கரையோரம் முழுவதையும் இழந்தது. எனினும் சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு எடுக்கும் உரிமை கண்டியருக்கு விடப்பட்டது. மலைநாடு எத்துணை வலிமையுடையதாயினும் உப்பின்றி வாழ இயலாது.

அவ்வுப்பும் தரைத்தோற்றத்தின் கொடையே. தென்மேல் பருவக்காற்றைத் தடுத்து மழைபொழிவிக்கும் மலை இங்கில்லை. ஆதலால் வடக்கே செல்லச் செல்ல மழை குறைகின்றது. மே முதல் செப்டெம்பர் வரை வறட்சி நிலவுகின்றது. ஆழமற்ற கடனீரேரியின் நீர் வெயிலில் வற்றி உவர்ப்பு மிகுகின்றது. ‘உப்புத்தளம்’ என்பதே புத்தளமாயிற்று என்பாரும் உளர். மழை மிகுந்த தெற்கிலோ தென்னந்தோட்டங்களும் நெருங்கிய ஊர்களும் பெருகின. இடையே, கடலுக்கும் முந்தல் ஏரிக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணற்றிட்டிலே உடப்பு என்னும் தமிழ் மீனவர் ஊர் நிலைத்தது.

எனினும் தரைத்தோற்றமே அனைத்தையும் தீர்மானிக்கின்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஒரே மணற்கரையில் உடப்பு தமிழ் பேசுகின்றது. சிலாபத்துக்குத் தெற்கேயுள்ள கத்தோலிக்க மீனவர் பலரின் பேச்சுமொழி சிங்களமாக மாறியது. இம்மாற்றத்தைச் செய்தவை மணலும் காற்றுமல்ல. பள்ளிக்கூடமும் வழிபாட்டு மொழியும் அரசியலுமாம். கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) ஆங்கிலத்தில் எழுதி 1859 இல் வெளியிட்ட ‘தமிழ் புளூராக்’ தமிழ்ப் புலவர் வரலாற்றைத் தொகுத்த முன்னோடி நூலாகும். ஒதுக்குப்புறமெனத் தோன்றும் இக்குடாநாடு அத்தகையோர் அறிவுலகையும் தொட இடமளித்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியிலேயே கரையேறினர். வணிகரை ஏற்ற பழைய நீர்வழி அன்று ஏதிலிகளை ஏற்றது. ஆனால் குடாநாட்டின் நன்னீர், மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதப்பது. மிகையாக இறைத்தால் உவர் மேலேறும். மிகையாக உரமிட்டால் அது கிணற்றில் இறங்கும். குடியேறியோர் தொகையும் வெங்காய, மிளகாய்ச் செய்கையும் பெருகியபோது இவ்வெல்லை வெளிப்பட்டது. கடனீரேரியைச் சூழ்ந்த கண்டற்காடுகள் பல இறால் வளர்ப்புக்காக 1980 களிலிருந்து அழிக்கப்பட்டன. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பண்ணைகள் பல கைவிடப்பட்டன. காடு அழிந்த இடத்தில் வருவாயும் நிலைக்கவில்லை.

ஆக, தரைத்தோற்றம் மனிதனுக்கு வாயில்களைத் திறந்து வைக்கின்றது. அவற்றினூடே யார் புகுவது, யாரைத் தடுப்பது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர். ஒரே முகப்பு கறுவா வணிகருக்குத் துறையாகவும், ஒல்லாந்தருக்குப் பூட்டாகவும், ஏதிலிகளுக்குப் புகலிடமாகவும் அமைந்தது. ஆனால் திறந்த வாயிலுக்குப் பின்னாலுள்ள நிலம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதற்கு இயற்கை வகுத்த அளவு ஒன்றுண்டு. அவ்வளவை அறிந்து வாழ்தலே இக்கரையோர வரலாறு இன்றைய தலைமுறைக்கு உணர்த்தும் பாடமாகும்.